டைம்டேபிள் போடும் நாள்

கல்லூரி ஆசிரியர் எப்படிப் பாடம் எடுக்கிறார் என்று மதிப்பிட, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறையில் ஒரு கணக்கு உண்டு. ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்திருந்தால் 'நன்று'. 70க்குக் கீழே போனால் திருப்தியில்லை. சரி, வகுப்புக்குப் போனேனா என்று அது சொல்லும். கடைசி பெஞ்சுப் பையனுக்குப் புரிந்ததா என்று எப்படிச் சொல்லும்?

பெரியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழே வரும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கக் கல்லூரிகளில் ஒன்பது வருடமாகக் கௌரவ விரிவுரையாளர் நான், அதாவது நிரந்தர வேலை இல்லாதவன். பாடம் எந்த லட்சணத்தில் நடக்கும் என்பது ஜூன் மாதம் எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அறையில் டைம்டேபிள் போடும்போதே தெரிந்துவிடும்.

முதலில் இருந்த கல்லூரியில், பெயர் வேண்டாம், துறைத் தலைவர் எம்.ஏ. வகுப்புகளைத் தனக்கும் வேண்டியவர்களுக்கும் வைத்துக்கொள்வார். முதலாமாண்டு, மதியக் கடைசி மணி, கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் 'நாக்' அமைப்புக்கான ஃபைல் எல்லாம் எங்கள் தலையில். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் என்கிறது அதே யுஜிசி. எங்களுக்கு அதெல்லாம் காகிதத்தோடு சரி. நிரந்தரப் பேராசிரியர் ஒருவரின் வகுப்பையும் நாங்களே எடுப்போம். பதிவேட்டில் அவர் பெயர். அந்த 80 சதவீதமும் அவருக்குத்தான்! (அந்த வருடம் தலைமைப் பண்பு பற்றிக் கருத்தரங்கும் நடந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது.)

முதலாமாண்டில் உட்கார்ந்திருப்பது யார்? அஞ்செட்டியிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து வரும் பிள்ளைகள். பலர் வீட்டில் அவர்கள்தான் முதல் பட்டதாரி. ஓசூர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுக் கண் எரிய உட்கார்ந்திருப்பவனும் உண்டு. கைதேர்ந்த ஆசிரியர் அங்கேதான் வேண்டும். நாங்களோ கொஞ்ச நாள் முட்டி மோதிவிட்டு, அப்புறம் நோட்ஸ் படித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டோம். நானும்தான்.

அடுத்த கல்லூரியில் துறைத் தலைவராக ஒரு மேடம். எல்லோரையும் உட்கார வைத்து, தாளை நடுவில் விரித்து, முதலாமாண்டுக்கு முதலில் தன் பெயரை எழுதினார். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கும் அவரே. அதற்குப் பிறகு யார் என்ன முணுமுணுக்க முடியும்? இன்டர்னல் 25 மார்க்கை எதற்கு எவ்வளவு போட்டோம் என்று போர்டில் ஒட்டச் சொன்னார். "சார், எனக்கு ஏன் 14?" என்று ஒரு பெண் வந்து நின்றாள். விடைத்தாளைத் திரும்ப எடுத்துப் படித்தேன். தப்பு என்னுடையது. மார்க்கைத் திருத்தினேன், அந்தப் பாடத்தை அடுத்த வாரம் முதலிலிருந்து மறுபடி நடத்தினேன்.

மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். இந்த ஜூனில் டைம்டேபிள் வாட்ஸ்அப்பில் வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு நேரே என் பெயர்.