பாதமலைக்கு ஒரு தடவையாவது பழைய பாதையால் ஏறுங்கள்

டிசம்பர் போயாவோடு (பௌர்ணமியோடு), உச்சியில் பாதச்சுவடு உள்ள இலங்கையின் சிவனொளிபாதமலைக்கு யாத்திரைப் பருவம் தொடங்கிவிட்டால் வாட்ஸ்அப் குழுக்களில் அழைப்புகள் வரிசையாக வந்து விழும். வெள்ளி இரவு கொழும்பிலிருந்து வேன், சனி விடியலில் உச்சி, ஞாயிறு வீட்டில் ஓய்வு. கூட்டமாகச் சேர்ந்து இரவில் மலை ஏறுவது அருமையான விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஏறக்குறைய எல்லா அழைப்பும் ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி என்று ஒரே வழியைத்தான் சொல்கிறது. காலில் தெம்பும் கையில் இரண்டு நாள் லீவும் உள்ளவர்கள் ஒரு தடவையாவது இரத்தினபுரிப் பக்கத்துப் பழைய பாதையால் ஏற வேண்டும், அதுவும் கூட்டம் கலையாமல் ஏற வேண்டும் என்பது என் கருத்து.

நல்லதண்ணி வழியைக் குறை சொல்லவில்லை. நான் மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளை. பருவ காலத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் நின்றால் மலையில் விளக்குகள் வளைந்து வளைந்து உச்சிவரை போவது தெரியும். வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப் போக அதுதான் சரியான வழி. அடிவாரமே உயரத்தில் இருக்கிறது, படிகள் ஐயாயிரத்துக்கு மேல் இருந்தாலும் சில மணி நேரத்தில் ஏறிவிடலாம், வழியெல்லாம் தேத்தண்ணிக் கடை. எங்கள் தோட்டத்துச் சனங்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வழியால்தான் ஏறுகிறார்கள்.

இரத்தினபுரிப் பாதை வேறு. இரத்தினபுரியிலிருந்து கிலிமலே வழியாகப் பலாபத்தலவுக்கு பஸ்ஸில் போய் அங்கிருந்து நடக்க வேண்டும். அடிவாரம் மிகவும் தாழ்வு, அதனால் ஏற்றம் நீளம். தொடக்கத்தில் புழுக்கம், வியர்வை, ஈரக்காடு. மேலே போகப் போகக் குளிர். 2,243 மீட்டர் உயரமுள்ள உச்சியில் நிற்கும்போது, ஒரே இரவில் இரண்டு வேறு நாடுகளைக் கடந்து வந்த மாதிரி இருக்கும்.

கிலிமலே என்ற அந்த ஊருக்கு ஒரு வரலாறு உண்டு. 1055 முதல் 1110 வரை ஆண்டு, இடையில் சோழரிடமிருந்து பொலன்னறுவையைக் கைப்பற்றிய முதலாம் விஜயபாகு, பாதத்தைத் தரிசிக்கப் போகிறவர்கள் வழியில் பசியால் வாடுவதைப் பார்த்து, அவர்களுடைய சாப்பாட்டுக்காக அந்த ஊரையே மானியமாக விட்டான் என்று பழைய பாளி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. மலையின் மறுபக்கத்தில் அம்பகமுவவில் உள்ள அவனுடைய கல்வெட்டும் யாத்திரிகர்களுக்குச் செய்த ஏற்பாடுகளைப் பற்றிப் பேசுகிறது. கிட்டத்தட்ட ஆயிரம் வருடத்துக்கு முன்னால், மலையேறிகளின் வயிற்றைப் பற்றி ஓர் அரசன் யோசித்திருக்கிறான். பஸ் கிலிமலேயைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் இருக்கிறவர்கள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். மற்ற ஊர்களைப் போல ஓர் ஊர்தான், ஆனால் எத்தனையோ பேருக்குச் சோறு போட்ட ஊர்.

தமிழர்களான நமக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவு தேயிலை காலத்தில் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அது மிகவும் பழையது. 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, புத்தளத்தில் யாழ்ப்பாண அரசன் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்திக்கிறார். என்ன வேண்டும் என்று மன்னன் கேட்க, ஆதமின் பாதத்தைப் பார்ப்பது ஒன்றுதான் ஆசை என்கிறார். மன்னன் ஒரு பல்லக்கைக் கொடுத்து, கூடவே ஆட்களையும் அனுப்புகிறான். வருடந்தோறும் பாதத்தைத் தரிசிக்கப் போகும் வழக்கமுள்ள யோகிகள் 4 பேர், பிராமணர்கள் 3 பேர், தன் ஆட்கள் 10 பேர், சாமான் சுமக்க 15 பேர். இதை முதலில் வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு முஸ்லிம் பயணி, அவருக்குத் துணையாகத் தமிழ் மன்னன் அனுப்பிய யோகிகள், எல்லோரும் போவது சிங்கள மன்னனின் நாட்டுக்குள் நிற்கும் ஒரு மலைக்கு. ஒருவருக்கு அது ஆதமின் பாதம், ஒருவருக்குச் சிவனின் பாதம், வழியில் சோறு போட்டவர்களுக்குப் புத்தரின் பாதம். யாரும் யாரையும் திருத்தப் போகவில்லை, சேர்ந்து நடந்தார்கள். கூட்டு மலையேற்றம் என்றால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இப்னு பதூதா எழுதியதில் அட்டையைப் பற்றி ஓர் இடம் வருகிறது. தண்ணீர் ஓரத்துப் புல்லிலும் மரத்திலும் இருந்து ஆள் மேல் பாயுமாம், இரத்தம் ஓடுமாம். அதற்காக ஆட்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்து பிழிந்து விடுவார்களாம். அட்டை விழுந்ததும் அந்த இடத்தை மரக்கத்தியால் சுரண்டுவார்களாம். பலாபத்தலவிலிருந்து ஏறும்போது மழை தூறினால் நீங்களும் பையில் தேசிக்காய் தேடுவீர்கள். எங்கள் தோட்டத்தில் தடியின் நுனியில் சின்னத் துணியில் உப்பைக் கட்டி, கொஞ்சம் நனைத்து வைத்துக்கொள்வார்கள். அட்டை ஏறிய இடத்தில் ஒரு தட்டு, சுருண்டு விழுந்துவிடும். கையால் பிடுங்காதீர்கள்.

உச்சிக்கு ஏற 2 வழிகள் இருந்ததாகவும் அவர் சொல்கிறார். கடினமானது பாபா வழி, அதாவது ஆதமின் வழி. எளிதானது மாமா வழி, அதாவது ஏவாளின் வழி. யாத்திரிகர்கள் மாமா வழியால் இறங்குவார்கள், ஏறும்போதே அதைப் பிடித்தவரை யாத்திரை செய்தவராகவே கணக்கில் எடுக்க மாட்டார்களாம். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பாறையில் தொங்கிய 10 சங்கிலிகளில் கடைசிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர், கலிமா என்பது இஸ்லாமிய விசுவாச வாக்கியம். அங்கே நின்று கீழே பார்த்தால் விழுந்துவிடும் பயத்தில் கலிமா வாயில் தானாக வருமாம். இரத்தினபுரிப் பக்கத்தில் உச்சிக்குச் சற்று முன்னால் வரும் மகாகிரிதம்பச் செங்குத்தில், இப்போது பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும்போதே, பேசிக்கொண்டு வந்த கூட்டம் வாயை மூடிவிடும்.

பாதை முழுக்க இப்படிப் பெயர்கள். நீலிஹெலவில் பள்ளத்தில் விழுந்து இறந்த நீலி என்ற பெண்ணைக் கூப்பிட்டால் எதிரொலி பதில் சொல்லும். சீத கங்குலவின் தண்ணீர் களு கங்கையாகி இரத்தினபுரிக்குப் போகிறது. யாத்திரிகர் இளைப்பாறும் இடமான ஹெரமிட்டிபானவுக்கு மேலே ஆண்டியமலதென்ன, ஓர் ஆண்டி இறந்த இடம் என்று வழக்கு. மன்னன் அனுப்பியது போன்ற யோகிகளில் ஒருவரோ, ஒரு பக்கீரோ, யாரோ ஓர் ஆள் இந்த வழியில் வந்து திரும்பாமல் போயிருக்கிறார். அந்த இடத்தை இருட்டில் கடக்கும்போது எனக்குக் கை தானாகக் கும்பிடும்.

அப்புறம், கூட்டம் கலையாமல் ஏற வேண்டும் என்று சொன்னேனே, அது எனக்கு இன்னும் முக்கியம். முன்பு யாத்திரை போகும் கூட்டத்துக்கு நடே என்று பெயர், அதற்குத் தலைவர் நடே குரா. பலமுறை ஏறிய பெரியவர். எங்கே குளிப்பது, எங்கே இருப்பது, எப்போது எழும்புவது எல்லாம் அவர் சொல்படி. இப்போதைய கூட்டங்களில் அந்த ஆள் இல்லை. வேனிலிருந்து இறங்கி ஒரு செல்ஃபி, பிறகு வேகமாக நடக்கிறவர்கள் முன்னால், மற்றவர்கள் எங்கோ. சென்ற பருவத்தில் ஹெரமிட்டிபானவுக்குக் கீழே ஓர் இளம்பெண் தனியாக ஒரு கல்லில் இருந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டது, ஃபோனில் சார்ஜ் இல்லை, கூட வந்தவர்கள் போய்விட்டார்கள். எங்கள் கூட்டத்து அண்ணன் ஒருவர் அவருக்குத் தன் தடியைக் கொடுத்து, "மெதுவா வாங்க தங்கச்சி, சூரியன் நாளைக்கும் வரும்" என்று சொல்லி முன்னால் நடக்க விட்டார். அவருடைய வேகத்துக்கு நாங்கள் எல்லோரும் நடந்தோம். எனக்குக் கோபம் அந்தப் பெண்ணை விட்டுப் போனவர்கள் மேல். காலையில் உச்சியில் எடுக்கும் படத்துக்காக ஓர் ஆளைக் காட்டுக்குள் இருட்டில் விட்டுப் போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. சிறுத்தை நடமாடும் காடு அது. 1940 முதல் சரணாலயம், 2010இல் மத்திய மலைநாட்டோடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

அதனால் ஏற்பாடு செய்கிறவர்கள் இதைக் கேளுங்கள். மிக மெதுவாக நடப்பவர் முதலில் போகட்டும், வழி தெரிந்த ஒருவர் கடைசியில் வரட்டும். டோர்ச்சை முன்னால் போகிறவரின் முதுகில் அடிக்காமல் தரையில் அடியுங்கள், பின்னால் வருபவருக்கும் கல் தெரியும். புளூடூத் ஸ்பீக்கரை வேனிலேயே வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஓர் அம்மா சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஏறுவார், அவருக்கும் அது அவருடைய இரவு. பலாபத்தலவிலிருந்து மத்தியானமே தொடங்கி, ஹெரமிட்டிபான அம்பலத்தில் (யாத்திரிகர் தங்கும் மண்டபத்தில்) கொஞ்சம் கண்ணயர்ந்து, விடிவதற்கு முன் மிச்சத்தை ஏறலாம். உச்சியில் மாற்ற உலர்ந்த சட்டை கட்டாயம் வேண்டும், வியர்த்த உடம்பில் அந்தக் காற்று பட்டால் நடுக்கம் நிற்காது. பிளாஸ்டிக் போத்தல் கொண்டுபோனால் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, உச்சி ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. உச்சி ஒன்றுதான். ஆனால் விடிந்ததும் மலையின் நிழல் முக்கோணமாக மேற்கே விழும்போது, அது விழுவது நீங்கள் இரவெல்லாம் நடந்து வந்த காட்டுப் பக்கம். காலுக்குக் கீழே இருந்தும் இருட்டில் தெரியாத அந்தத் தூரத்தை அப்போதுதான் முதலில் பார்ப்பீர்கள். நல்லதண்ணியால் ஏறியவருக்கும் அதே நிழல்தான், ஆனால் அது அவர் நடக்காத நிலம்.

முழங்காலை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இறங்குவதை நல்லதண்ணிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மஸ்கெலியாவுக்கும் ஹட்டனுக்கும் பஸ் இருக்கும், ஹட்டனில் ரயில் பிடிக்கலாம். வேனை இரத்தினபுரியில் விடாமல் சுற்றி வரச் சொல்வதை மட்டும் முதல் நாளே டிரைவர் அண்ணனிடம் பேசிக்கொள்ளுங்கள். மே மாத வெசாக் போயாவோடு பருவம் முடிந்துவிடும், ஏப்ரலில் பின்னேர மழையும் தொடங்கிவிடும். போகிறவர்கள் மார்ச்சுக்குள் நாள் குறியுங்கள்.