குளிர்காலத்தில் தோட்டத்தை எதற்குத் துடைத்து வைக்கிறோம்?

இலையெல்லாம் உதிர்ந்து முடிந்ததும் எங்கள் தெருவில் ஒரே இரைச்சல். வீட்டுக்கு வீடு ஊதும் மிஷினை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சருகு மொத்தத்தையும் அள்ளிப் பைகளில் அடைத்து வாசலில் வைக்கிறார்கள். வசந்தம் வந்ததும் அதே வீடுகளில் மட்கு உரம் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. வெளியே போன பைக்குள் இருந்ததும் அந்த உரம்தானே, ஓரிரு வருஷம் மட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

குளிர்காலத் தோட்ட வேலை என்றால் சுத்தம் செய்வது என்று யாரோ நம் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். காய்ந்த தண்டையெல்லாம் வெட்டு, சருகைப் பெருக்கு, மண்ணைக் கொத்திப் போடு. நானும் பல வருஷம் இப்படித்தான் செய்தேன். போன குளிர்காலத்தில் ஒரு காய்ந்த ராஸ்பெர்ரி தண்டை வெட்டியபோதுதான் கை நின்றது. தண்டுக்குள் நெட்டி மாதிரி இருக்குமே, அதைக் குடைந்து எடுத்த ஒரு குழல். அதற்குள் எறும்பு அளவில், கருநீலமாக மினுங்கும் குட்டித் தேனீக்கள் ஐந்தாறு, ஒன்றன் பின்னால் ஒன்றாக, அசைவே இல்லாமல். செத்துவிட்டன என்றுதான் நினைத்தேன். உள்ளங்கைச் சூட்டில் ஒன்று மெல்லக் காலை நீட்டியது. அவசரமாக அந்தத் துண்டை வேலியோரம் மழை படாத இடத்தில் சாய்த்து வைத்தேன். அதற்கு முந்தைய வருஷங்களில் எத்தனை தண்டுகளைக் கட்டி வாசலில் வைத்திருப்பேன் என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

தேனீ மட்டும் இல்லை. பொறிவண்டுகள் சருகுக்கடியில் கூட்டமாக ஒண்டிக்கொள்ளும். பம்பிள் தேனீக்களின் ராணி மண்ணில் சில அங்குல ஆழத்தில் தூங்கும். சில அந்துப்பூச்சிகள் இலையையே சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். தரையில் கிடந்தால் இன்னொரு சருகு என்றுதான் நினைப்போம். அதனால் காய்ந்த தண்டுகளை நான் இப்போது பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரியைத் தாண்டும்வரை தொடுவதில்லை. பூ காய்ந்து விதை பிடித்த தலைகள் அப்படியே நின்றால் குருவிகளுக்கும் ஆகிறது.

சரி, எல்லாவற்றையும் விட்டுவிடலாமா? கூடாது. புல்தரையில் சருகு கனமாகப் படிந்து ஈரத்தோடு கிடந்தால் அடியில் புல் அழுகிவிடும். நடைபாதையில் கிடந்தால் வழுக்கும். இந்த இரண்டு இடத்திலும் வாரித்தான் ஆக வேண்டும். வாரியதைச் செடிப் பாத்திகளில் மூடாக்காக, அதாவது மண்ணை மூடும்படி, பரப்பிப் போடுங்கள். மிச்சத்தைக் கம்பிவலையை வட்டமாக வளைத்து அதற்குள் கொட்டி நனைத்து வையுங்கள். இதை மட்க வைப்பது பெரும்பாலும் பூஞ்சைகள், அதனால் நிதானமாகத்தான் நடக்கும். ஒரு வருஷம், சில இலைகளுக்கு இரண்டு வருஷம்கூட. கடைசியில் கையில் எடுத்தால் கருப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த காட்டு வாசனையோடு வரும். சத்து குறைவுதான். ஆனால் தண்ணீரைப் பிடித்து வைப்பதில் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம்.

மூடாக்கு செடிக்குப் போர்வை மாதிரி சூடு தரும் என்று பலர் சொல்கிறார்கள். குளிரிலேயே வளர்ந்து பழகிய செடிக்குச் சூடு தேவையில்லை. மண் இரவில் உறைந்து பகலில் இளகி, மறுபடி உறைந்து இளகி, வேரையே மேலே தள்ளிவிடும். புதிதாக நட்ட சிறு செடிகள் பாதி வெளியே வந்து நிற்பது இதனால்தான். மூடாக்கின் வேலை மண்ணை ஒரே நிலையில் வைத்திருப்பது. அந்தச் செடிகளுக்கு மண் உறைந்த பிறகு போட்டாலும் போதும். மரத்தடியில் மட்டும் குவிக்காதீர்கள். பட்டை ஈரத்தில் அழுகும், எலிகள் உள்ளே குடியேறிப் பட்டையைக் கடித்துவிடும். தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் காலியாக இருக்கட்டும்.

அடுத்தது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிச் சீர்செய்வது. இதில்தான் எனக்கு ஆறாத கோபம். ஆப்பிள், பேரி மரங்களை இலை உதிர்ந்து உறங்கும்போது கவாத்து செய்யலாம், கிளை அமைப்பும் தெளிவாகத் தெரியும். பிளம், செர்ரியைக் குளிரில் தொடக் கூடாது. ஈரக் குளிரில் வெள்ளி இலை நோய்ப் பூஞ்சையின் வித்துகள் பரவும், புது வெட்டு வழியாக உள்ளே போய்விடும். அவற்றுக்குக் கோடைதான் சரி. லைலாக் போல வசந்தத்தில் பூப்பவை போன கோடையிலேயே மொட்டு வைத்துவிட்டன. இப்போது வெட்டினால் பூவைத்தான் வெட்டுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் என் பிளம் மரத்தைக் கவாத்து செய்ய ஓர் ஆளைக் கூப்பிட்டேன். நடுக்குளிர். கிளைகளை அடிமரத்தோடு ஒட்ட மொழுக்கென்று சீவி, மேலே கருப்புப் பூச்சும் பூசிவிட்டுப் போனார். பார்க்க நேர்த்தியாக இருந்தது. அடுத்த கோடையில் இலைகள் வெள்ளி பூசியதுபோல் மாறின, அப்புறம் கிளை கிளையாகப் பட்டுப்போனது. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துச் சொன்னதை நான் மரம் போன பிறகுதான் படித்தேன். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைக்கிறது. கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் கழுத்துப்பட்டை போலப் புடைத்திருக்கும் பகுதி அந்த வேலைக்கு முக்கியம். வெட்டு அதற்கு வெளியே விழ வேண்டும். ஒட்டச் சீவினால் அதுவே போய்விடுகிறது. பூச்சு பூசுவதால் அழுகல் நிற்பதும் இல்லை.

மற்றவை சின்ன வேலைகள். உறைபனி படிந்த புல்லில் நடக்காதீர்கள், மிதித்த இடம் பழுப்பாகிவிடும். பனிக்கட்டிக்குத் தூவும் உப்பைச் செடிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கத்தரியைத் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். மண் தொட்டிகளை உள்ளே எடுங்கள்: தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது, ஈரம் ஏறிய தொட்டி அதைத் தாங்காது. தோட்டக் குழாயும் அப்படித்தான்.

இன்று ராத்திரி உறையும் என்கிறார்கள். வெளிக்குழாயின் வால்வை உள்ளே மூடி, மிச்சத் தண்ணீரையும் வடித்தாயிற்று. ஹோஸ் வடியட்டும் என்று வேலிமேல் போட்டிருக்கிறேன். இருட்டுவதற்குள் போய்ச் சுருட்ட வேண்டும்.