1790 மாடல், ஆற்றங்கரை வீடு

தரகர்: வாங்கக்கா. 1790-ல் கட்டிய வீடு. வாசலில் நின்றால் ஆறு தெரியும்.

அக்கா: கூடத்துக்குள்ளேயே தெரிகிறதே. சுவரில் இந்தப் பழுப்புக் கோடு என்ன தம்பி?

தரகர்: அது அந்தக் காலத்து அலங்காரம், அக்கா.

அக்கா: நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில், என் இடுப்பு உயரத்துக்கு? கதவைக்கூட விடாமல்? ஆறே உள்ளே வந்து போட்டுவிட்டுப் போன கோடு இது.

தரகர்: எப்போதாவது வரும். வந்தாலும் ராத்தங்காது.

அக்கா: சரி, எந்தெந்த வருஷம் வந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்கிறேன்.

தரகர்: (அவசரமாக) இந்தப் பக்கம் பாருங்கள். போன மாதம்தான் பழைய பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு, சிமென்ட் பூசி, பெயிண்ட் அடித்தோம். எவ்வளவு செலவு தெரியுமா?

அக்கா: அடப்பாவி, பாழாக்கிவிட்டீர்களே! எங்கள் அப்பா சுண்ணாம்புக் கொத்தனார் தம்பி. 1790-ல் கட்டிய சுவருக்கு சிமென்டா? போர்ட்லேண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான்.

தரகர்: அதனால்தான் அக்கா, பாவம், இத்தனை நாள் கிடைக்காததை இப்போதாவது வாங்கிக் கொடுத்தோம்.

அக்கா: தரை ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் மெல்ல வெளியே வந்து காய்ந்துவிடும். சிமென்ட் பூசினால் போக வழியில்லாமல் உள்ளேயே சிக்கி, இன்னும் மேலே ஏறும். அப்புறம் உப்புப் பூக்கும், செங்கல் மாவாக உதிரும். இங்கே தட்டிப் பாருங்கள்.

தரகர்: (தட்டுகிறார்) தொப் தொப் என்கிறது.

அக்கா: பூச்சு இப்போதே சுவரை விட்டுவிட்டது.

தரகர்: மேஸ்திரி பத்து வருஷம் தாங்கும் என்றாரே!

அக்கா: சிமென்ட் தாங்கும். சுவர்தான் தாங்காது. அது யாருடைய அறை, மறைத்துக்கொண்டு நிற்கிறீர்களே?

தரகர்: அது வேண்டாம் அக்கா. பூசுவதற்குள் காசு தீர்ந்துவிட்டது. பார்க்கவே அசிங்கமாக இருக்கும்.

அக்கா: (தள்ளிக்கொண்டு உள்ளே போய்) ஆஹா! பழைய சுண்ணாம்பு! மேல் பூச்சு அங்கங்கே பெயர்ந்திருக்கிறது, ஆனால் செங்கல் காய்ந்து கிடக்கிறது பாருங்கள். இந்த அறைக்காகவே வீட்டை வாங்கலாம்.

தரகர்: இதைக் கடைசியில் காட்டலாம் என்றுதான் வைத்திருந்தேன். இந்த அறைக்கு மட்டும் விலை கொஞ்சம் கூட.

அக்கா: பொறுங்கள். உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடம்தான் முதலில் இற்றுப்போகும். அந்த முக்காலியைப் போடுங்கள். (ஏறி, கொண்டை ஊசியால் குத்துகிறார்) ஊசி முழுசாக உள்ளே போய்விட்டது.

தரகர்: அது மெத்தென்ற ரகத்து மரம், அக்கா.

அக்கா: கரையானுக்கு மெத்தைதான். சரி, வாசலில் பாரம்பரியக் கட்டடம் என்று தகடு இருக்கிறதே. அப்படியென்றால் முகப்பில் கைவைக்கும் முன் அனுமதி வாங்க வேண்டியிருக்குமே. அங்கே ஏதாவது மாற்றினீர்களா?

தரகர்: சத்தியமாக இல்லை. ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

அக்கா: அப்புறம் அந்த 'விற்பனைக்கு' பலகை எப்படி நிற்கிறது?

தரகர்: அதுவா... உப்புப் பூத்து ஒட்டிக்கொண்டது அக்கா.