ஈற்றுச் சொல்லை எடுத்துப் பாடுகிறவர்கள்

சென்ற ஆண்டு ரஜப் மாதம் பிறை பதினான்கின் இரவில், கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில், சூஃபி ஞானி பீர் முகம்மது அப்பாவின் தர்காவில் உட்கார்ந்திருந்தேன். அப்பா பாடிய ஞானப்புகழ்ச்சி என்ற பாடல் நூலை ஆண்டுதோறும் அந்த ஓர் இரவில் ஊர் கூடி விடியவிடியப் பாடுகிறார்கள். பல்லவி பாட ஒருவர், கேட்பதற்கு நூறு பேர் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. உட்கார்ந்திருப்பவர்களே பாடுகிறார்கள். எனக்குப் பாட்டு தெரியாது. சும்மா உதட்டை அசைத்துக்கொண்டிருந்ததைப் பக்கத்திலிருந்த முதியவர் கவனித்துவிட்டு, தம் கையிலிருந்த புத்தகத்தை இருவருக்கும் பொதுவாகப் பிடித்தார். இடையில் ஒருமுறை, எந்த ஊர் என்று கேட்டார். திருநெல்வேலி மேலப்பாளையம் என்றேன். "அப்பாவும் உங்க பக்கத்துக்காரங்கதானே" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கினார்.

அந்த ஒரு வாக்கியத்தை ஓராண்டாக மனத்தில் வைத்திருக்கிறேன். பதினான்கு ஆண்டுகள் வேறொரு நகரத்தில் வேலை பார்த்தவன் நான். என் பெயரைக் கேட்டபின், "தமிழ் நல்லாப் பேசுறீங்களே" என்று உண்மையான வியப்போடு பாராட்டியவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். அவர்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் தாய்மொழியைப் பேசுவதற்காகப் பாராட்டப்படும்போது, அந்த மொழியின் வீட்டு வாசலில் நிறுத்தி வைக்கப்பட்ட விருந்தாளியைப் போல உணர்ந்தேன். அதற்கு எந்தப் பதிலும் என்னிடம் இருந்ததில்லை. தக்கலையில் நான் கேளாமலே பதில் கிடைத்தது. பதினேழாம் நூற்றாண்டில் தென்காசியில் பிறந்து, தறி நெய்து, மலைகளில் திரிந்து, தக்கலையில் அடங்கிய ஒரு ஞானியின் பாட்டைக் கொண்டு, முன்பின் அறியாத ஒருவர் எனக்கு உறவு சொல்லிவிட்டார்.

அந்த ஊரின் வரலாற்றையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் முதல் தேதி வரையில் தக்கலை தமிழ்நாட்டில் இல்லை. முதலில் திருவிதாங்கூர் அரசின் கீழும், பிறகு திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலும் இருந்த ஊர் அது. அரசின் எல்லைக்கோடுகள் மாறியபோதும், ஊரார் கூடிப் பாடிய ஞானப்புகழ்ச்சி தமிழாகவே இருந்தது. மொழிக்கு உரியவர்கள் யார் என்று கேட்பவர்கள் அந்த இரவில் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

என் சிறுவயதில் பாட்டு எங்கள் தெருவிலேயே இருந்தது. வாப்பாவின் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நூல் சுற்றும்போது, இறைவனிடம் இறைஞ்சும் பாட்டுகளான முனாஜாத்துகளை வரி பிசகாமல் பாடுவார். ரமலானில், நோன்புக்கு முன் உண்ணும் சஹர் நேரத்தில், பாடி இரந்து வாழும் பக்கீர்சா தாயிரா என்ற கைப்பறையைத் தட்டிப் பாடிக்கொண்டு வருவார். தெருமுனையில் அவர் குரல் கேட்டதும் எங்கள் வீட்டுக் கிழவி உள்ளிருந்தே அடுத்த அடியை எடுத்துவிடுவார். வெளியே ஒருவர், உள்ளே ஒருவர், நடுவில் சாத்திய கதவு. அரைத்தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த எனக்கு, பாட்டு என்பது ஒருவர் தொடங்கி இன்னொருவர் முடிப்பது என்ற எண்ணம் அன்றே விழுந்துவிட்டது.

அந்த நகரத்தில் ஒருமுறை சூஃபிக் கவிதையும் இசையும் என்று ஒரு மாலை நிகழ்ச்சிக்கு நண்பர்கள் அழைத்துப் போனார்கள். பாரசீகக் கவிஞர் ரூமியின் மஸ்னவி என்ற நூல் தொடங்கும் பகுதியை மொழிபெயர்ப்பில் வாசித்து, பின்னணியில் குழல் இசைத்தார்கள். நாணற்படுகையிலிருந்து வெட்டப்பட்ட நாள் முதலாகப் பிரிவை எண்ணிப் புலம்பும் குழலைப் பற்றிய வரிகள் அவை. 1207இல் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு ஊரை விட்டு, கடைசியில் துருக்கியின் கொன்யாவில் நிலைத்த ஒருவர் அப்படித் தொடங்கியதில் வியப்பில்லை. கண் கலங்கிக் கேட்டேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் என் மனம் போன இடம் பத்தமடை. தாமிரபரணிக் கரையில் கோரையை அறுத்து, காயவைத்து, ஆற்றுநீரில் ஊறப்போட்டு, மயிரிழையாகக் கிழித்துப் பாய் நெய்கிறவர்களில் பெரும்பாலோர் எங்கள் மக்கள். மணமக்கள் பெயரை ஊடே வைத்து நெய்யும் கல்யாணப் பாய், எந்த மதத்து வீடானாலும் போகும். கொன்யாவின் நாணலுக்காக அழத் தெரிந்த எனக்கு, எங்கள் ஆற்றின் கோரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடியவர்களின் ஒரு பாட்டுகூட முழுதாகத் தெரியாது என்ற வெட்கம் அன்றிரவு வந்தது. தக்கலைக்கு நான் பேருந்து ஏறியதற்குக் காரணம் அந்த வெட்கமே.

சூஃபி இசை என்றாலே வடநாட்டுக் கவ்வாலி என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். கவ்வாலி மகத்தான கலை. அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எனினும் நம் மொழியிலேயே ஒரு பெரும் மரபு இருக்கும்போது, அதைக் கேட்காமலே இன்னொன்றைத் தேடிப் போவது நமக்குத்தான் இழப்பு. கோட்டாற்று ஞானியார் சாகிபு இருக்கிறார். தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து, சென்னையில் போய் அடங்கிய மஸ்தான் சாகிபு இருக்கிறார். அவர்மேல் நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர். தொண்டியார் என்று அழைக்கப்பட்ட அவர் பெயரால்தான் சென்னையின் தண்டையார்பேட்டை வந்தது என்பது அங்கே வழங்கும் பேச்சு.

மஸ்தான் சாகிபு கையாண்ட கண்ணி என்ற வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இரண்டே அடி. பராபரக்கண்ணியில் ஒவ்வொரு இரண்டடியும் 'பராபரமே' என்று முடியும். மனோன்மணிக் கண்ணியில் 'மனோன்மணியே' என்று முடியும். ஒரு நூற்றாண்டு முன்னால் தாயுமானவர் 389 கண்ணிகளில் அழைத்த அதே 'பராபரமே'தான் இது. சைவர் ஒருவர் அழைத்த சொல்லால் ஒரு முஸ்லிம் பக்கீர் தம் இறைவனை அழைத்ததையும், அது தம்முடையது அல்ல என்று அவருக்கு ஒரு கணமும் தோன்றாததையும் எண்ணி எண்ணி மகிழ்கிறேன். ஆனால் நேரில் பாடும்போதுதான் இந்த வடிவத்தின் இன்னொரு பயன் விளங்குகிறது. பாட்டு தெரிந்தவர் முதல் அடியைப் பாடி, இரண்டாம் அடியின் கடைசிக்கு வரும்போது, எதுவும் தெரியாமல் வந்து உட்கார்ந்தவரும் அந்த ஈற்றுச் சொல்லை எடுத்துவிடலாம். மூன்றாவது கண்ணிக்குள் அவர் வெளியாள் இல்லை. பத்தாவது கண்ணியில் பொருளும் பிடிபடத் தொடங்கும். புதிதாக வருகிறவருக்கு இப்படி ஓர் இடத்தை ஒவ்வொரு இரண்டடிக்கும் ஒருமுறை ஒதுக்கி வைத்திருக்கும் வடிவத்தை, கைப்பேசியில் தனியாகக் கேட்டு அறிந்துகொள்ள முடியாது. நான் முயன்று பார்த்துவிட்டேன். பதிவில் அந்தச் சொல்லையும் வேறு யாரோ பாடிவிடுகிறார்.

இதை எழுதும்போது என் சொந்தங்களில் சிலர் வருந்துவார்கள் என்பது எனக்குத் தெரியும். தர்கா வழக்கங்களையும் இசையையும் மார்க்கத்துக்குப் புறம்பானவையாகக் கருதுகிறவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய பக்தியின் உண்மையை நான் ஒருநாளும் ஐயுற்றதில்லை. அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: சடங்கு வேண்டாம் என்றால் சடங்கை விடுங்கள், பாட்டைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுக் கிழவி பாடிய முனாஜாத்துகளில் என்னிடம் மிஞ்சியிருப்பவை நான்கு வரிகள். எழுதி வைத்துக்கொள்ளாத குற்றம் என்னுடையது. ஆனால் நான் கேட்கத் தயங்கிய ஆண்டுகளில், அவர் பாடத் தயங்கியதும் உண்டு. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

மறுபுறம், நல்லிணக்க மேடைகளில் இந்தப் பாடல்களை ஆண்டுக்கு ஒருமுறை பொன்னாடையோடு சேர்த்துப் பாடிவிட்டுக் கலைவதும் எனக்கு நிறைவு தரவில்லை. கடையத்துக்குப் பக்கத்தில் பொட்டல்புதூர் தர்காவுக்கு, முகையதீன் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு வரும் இந்துக் குடும்பங்களுக்கு எந்த மேடையும் நல்லிணக்கம் கற்றுத் தரவில்லை. அவர்கள் தங்கள் காரியமாக வருகிறார்கள், உரிமையோடு வருகிறார்கள். அந்த உரிமை பாட்டிலும் வர வேண்டுமானால், கேட்பவர்களும் பாட வேண்டும். அதற்குப் பெரிய அரங்கம் உதவாது, வீட்டுக் கூடம் உதவும்.

ஆகவே மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மாலையில் கூடத் தொடங்கியிருக்கிறோம். சென்ற மாதம் ஏழு பேர் வந்தார்கள். அவர்களில் பாளையங்கோட்டையில் தேவாரம் கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணும் இருந்தார். தாயிரா வாசிக்கத் தெரிந்த பக்கீர் ஒருவரும் வர இசைந்திருக்கிறார். மஸ்தான் சாகிபின் பராபரக்கண்ணியில் முதல் முப்பது கண்ணிகளைப் பாடி முடித்திருக்கிறோம். வரும் சனிக்கிழமை அடுத்த பத்து. உட்காரப் பத்தமடைப் பாய் விரித்திருக்கும், தேநீர் இருக்கும். பாட்டு தெரியாதவர்கள் கட்டாயம் வாருங்கள். ஈற்றுச் சொல்லை மட்டும் எடுத்துத் தந்தால் போதும்.