இந்துப்பும் உப்புத்தான்

"இந்துப்பில் சோடியம் இல்லை, பிரஷர் உள்ளவர்கள் விரும்பியபடி சேர்க்கலாம்" என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பி, வெள்ளவத்தையில் என் பெரியம்மா சோற்றின்மேலும் அதைத் தூவத் தொடங்கியிருக்கிறார். செய்தி முழுப் பொய்.

இந்துப்பிலும் 95 சதவீதத்துக்கு மேல் சோடியம் குளோரைட்டுதான். இளஞ்சிவப்பு நிறத்தைத் தருவது சொற்ப இரும்புச் சேர்மம். வழக்கமாக அதில் அயடீன் சேர்ப்பதுமில்லை.

சோடியம் மிகும்போது உடல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குருதியின் கனவளவு கூடி, நாளச் சுவர்களில் அமுக்கம் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் இது நீடித்தால் நாடிகள் விறைக்கின்றன. எதிர்த்துத் தள்ளித் தள்ளியே இதயத்தின் இடக் கீழறைச் சுவர் தடிக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் இந்த வழியாகவும் வரலாம். பெரும்பாலும் அதுவரை வலியோ தலைச்சுற்றலோ தெரியாது. அதுதான் எனக்குப் பயம்.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. கருவாடு, அச்சாறு, பாண், காலிமுகத்திடலில் மாங்காய்த் துண்டில் தூவித் தரும் உப்புத்தூள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இந்துப்புக்கு மாறியதால் பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தால், இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.