எந்த எடிட்டிங் மென்பொருள் சிறந்தது, பிரீமியரா ரிசால்வா என்று இன்னும் எத்தனை நாள் கேட்பீர்கள்?

இப்போது விடிகாலை 4 மணி. 40 நிமிட ஆவணப்படம் ஒன்றின் கலர் கிரேடிங்கை, அதாவது ஷாட் ஷாட்டாக நிறத்தைச் சீராக்கும் வேலையை, நேற்று மாலை 6 மணிக்கு நான் தொடங்கியிருக்க வேண்டும். இன்னும் ஒரு ஷாட்டின் நிறத்தைக்கூடத் தொடவில்லை. எடிட்டர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வெட்டி முடித்த எடிட்டை இன்னொரு மென்பொருளுக்குள் மறுபடி ஒட்டவைப்பதிலேயே 10 மணி நேரம் போய்விட்டது.

எடிட்டர் மேல் தப்பே கிடையாது. எந்த ஷாட் எங்கே, வெட்டு எங்கே என்று சொல்லும் எக்ஸ்எம்எல் கோப்பை அனுப்பினார். ஒரிஜினல் ஃபுட்டேஜ் முழுவதையும் ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க டைம்கோடை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமின் நேர எண்ணை, படத்தின் மேலேயே பதித்த ரெஃபரன்ஸ் வீடியோவும் வைத்திருந்தார். இதற்குமேல் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? ஆனால் கிரேடிங் மென்பொருளில் அந்த எக்ஸ்எம்எல்லைத் திறந்தால், 4கே ஷாட்டுகள் எல்லாம் அதைவிடச் சிறிய எச்டி டைம்லைனில் (ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் இடம்) பெரிதாகி, பேசுகிறவரின் மூக்கும் வாயும் மட்டும் திரையில் நிற்கின்றன. ஸ்பீட் ரேம்ப் வைத்து வேகத்தை ஏற்றி இறக்கிய இடங்கள் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. பல ஷாட்டுகளை ஒரே கிளிப்பாகச் சுருட்டி நெஸ்ட் செய்த பகுதிகள் கருப்பாகக் கிடக்கின்றன. ஸ்டெபிலைஸ் செய்திருந்த ஷாட்டுகள் பழையபடி ஆடுகின்றன.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பார்த்தவுடன் தெரிகிற பிழைகள், உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். என்னைக் கொதிக்கவைப்பது தெரியாத பிழைகள். படத்தில் ஒரு அம்மா தன் மகனைப் பற்றிப் பேசும் பேட்டி இருக்கிறது. பேச்சை நிறுத்திவிட்டு அவர் கீழே பார்க்கிறார். கண் இமை தாழ்ந்து முடிந்த அந்தக் கணத்தில் எடிட்டர் வெட்டியிருக்கிறார். என் டைம்லைனில் அந்த கட் 3 ஃப்ரேம் முன்னால் வந்து நின்றது. கண் பாதி மூடியிருக்கும்போதே படம் அடுத்த ஷாட்டுக்குத் தாவுகிறது. ரெஃபரன்ஸ் வீடியோவை மேலே வைத்து, வித்தியாசம் மட்டும் தெரிகிற டிஃபரன்ஸ் மோடில் போட்டு, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்ததால் கண்ணில் பட்டது. பார்க்காமல் விட்டிருந்தால்? அந்த 3 ஃப்ரேமுக்காக எடிட்டர் எத்தனை முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்திருப்பார்! ஒரு மென்பொருள் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. எச்சரிக்கை வரவில்லை, சிவப்பு நிறத்தில் ஒரு குறி வரவில்லை.

அப்புறம் ஒரே பெயரில் இரண்டு கிளிப்புகள். இரண்டு கேமராவும் தன் கார்டில் சி0012 என்றே எழுதியிருக்கிறது. மென்பொருள் பெயரைப் பார்த்தது, டைம்கோடும் ஏறக்குறைய ஒத்துப்போனது, தப்பான கேமராவின் கிளிப்பைக் கொண்டுவந்து பொருத்திவிட்டது. கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

இந்தக் கோபத்தோடுதான் கேட்கிறேன்: எடிட்டிங் மென்பொருள் ஒப்பீடு என்ற பெயரில் வருடம் முழுக்க எழுதுகிறீர்களே, பேசுகிறீர்களே, அதில் ஒரு தடவையாவது இந்த இடத்தைத் தொட்டிருக்கிறீர்களா? பத்து நிமிட வீடியோவை எது சீக்கிரம் ரெண்டர் செய்கிறது, எதில் ஏஐ மாஸ்க் நன்றாக ஒட்டுகிறது, எதற்கு மாதச் சந்தா, எதை ஒருமுறை வாங்கினால் போதும் என்று எப்போதும் இதே கேள்விகள். எல்லாமே ஒரு மென்பொருளின் நான்கு சுவருக்குள் நடக்கும் சோதனைகள். தொழில்முறை வேலை அப்படி நடப்பதில்லை. எடிட்டர் ஓரிடத்தில், கலரிஸ்ட் ஓரிடத்தில், ஒலிக்காரர் ஓரிடத்தில், கிராஃபிக்ஸ் இன்னோரிடத்தில். படம் இவர்கள் கைகளுக்கு நடுவே போய்வந்துகொண்டே இருக்கிறது. அந்த நடுவழியில்தான் எல்லாம் உடைகிறது. அதை ஒருவரும் ஒப்பிடுவதில்லை.

ஒவ்வொன்றும் எதில் வல்லது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். பல எடிட்டர்கள் ஒரே புராஜெக்டில் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டுமா, ஒருவருடைய பின்னை (கிளிப்புகளும் எடிட்டும் இருக்கும் ஃபோல்டர்) மற்றவர் தெரியாமல் மாற்றிவிடக் கூடாதா, அவிட் மீடியா கம்போசரின் பின் லாக்கிங் போல நம்பிக்கை தருவது வேறு இல்லை. மேக்கில் ஒற்றை ஆளாக வேகமாக வெட்ட ஃபைனல் கட். கிராஃபிக்ஸ் செய்யும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கூடவே வேண்டும் என்றால் பிரீமியர். கலருக்கு ரிசால்வ், பெரிய இடங்களில் பேஸ்லைட். ரிசால்வ் பிறந்ததே கலருக்காக. 1984இல் தொடங்கிய டாவின்சி சிஸ்டம்ஸ் நிறுவனம் பல ஆண்டுகள் கலர் கரெக்‌ஷன் கருவிகளைத்தான் செய்தது. 2009இல் பிளாக்மேஜிக் அதை வாங்கிய பிறகே எடிட்டிங்கும் ஒலியும் உள்ளே வந்து சேர்ந்தன. ஒவ்வொரு நிறத் திருத்தத்தையும் தனிப் பெட்டியாகக் கோக்கும் அதன் நோட் அமைப்புதான் என் கைக்குப் பழக்கம், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் என் எடிட்டருக்கு அவருடைய கீபோர்டு பழக்கம் அப்படித்தானே?

உடனே ஒரு அறிவுரை வரும்: எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் செய்துவிடுங்களேன். இதைச் சொல்பவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. 15 வருடமாக ஒரு கருவியில் வெட்டிப் பழகியவர் ஷார்ட்கட்டை யோசித்து அழுத்துவதில்லை. அவருக்கு யோசனையும் வெட்டும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. அந்த ஓட்டத்தைக் கெடுத்து, என் வசதிக்காக நீ மாறு என்று எப்படிச் சொல்வது? சரி, மாறினார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் ஒரு பதிப்பு புதிதாக வைத்திருந்து, நான் பழையதில் இருந்தால், அந்த புராஜெக்ட் என்னிடம் திறக்காது. ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகளே கைகோக்காதபோது யாருக்கு அறிவுரை சொல்கிறீர்கள்?

இத்தனைக்கும் காரணம் என்ன என்று பார்த்தால் இன்னும் வயிறெரிகிறது. இடிஎல் என்ற வெட்டுப் பட்டியலை இன்றும் பயன்படுத்துகிறோம். அது டேப் காலத்துச் சரக்கு. 1971இல் தொடங்கிய சிஎம்எக்ஸ் நிறுவனத்தின் பெயர் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிஎம்எக்ஸ் 3600 வடிவத்தில் ஒரே ஒரு வீடியோ டிராக், 999 வெட்டுகள்தான் எல்லை, ரீல் பெயருக்கு, அதாவது டேப்பின் பெயருக்கு, 8 எழுத்து. டேப்புக்கு எண் போட்ட நாளில் 8 எழுத்து தாராளம். இன்றைய பல சினிமா கேமராக்கள் ஒரு கிளிப்புக்கு வைக்கும் நீளமான பெயரில் பாதிகூட அதில் அடங்காது.

அதைவிட மேம்பட்டது எக்ஸ்எம்எல் என்கிறோம். யாருடைய எக்ஸ்எம்எல்? பிரீமியரின் எக்ஸ்போர்ட் மெனுவைத் திறந்து பாருங்கள், ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ்எம்எல் என்று இருக்கும். அது ஃபைனல் கட் ப்ரோ 7இன் வடிவம். ஆப்பிள் 2011இல் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸைக் கொண்டுவந்தபோது அந்த 7ஐயே மூடிவிட்டது. புதிய ஃபைனல் கட் தனக்கென்று வேறொரு எக்ஸ்எம்எல் வைத்துக்கொண்டது. ஆக, உயிரோடிருக்கும் இரண்டு மென்பொருள்கள் செத்துப்போன மூன்றாவதின் மொழியில் பேசிக்கொள்கின்றன. அந்த மொழியில் இல்லாத எதையும் சொல்ல முடியாது. பிறகு எப்படி என் ஸ்டெபிலைஸ் பத்திரமாக வந்து சேரும்? பிக்ஸார் தொடங்கி, இப்போது திறந்த மூலத் திட்டமாக இருக்கும் ஓபன்டைம்லைன்ஐஓ என்ற பொது வடிவம் நல்ல முயற்சிதான், மனதார வரவேற்கிறேன். ஆனால் அதுவும் கட், டிராக், டிரான்சிஷன், மார்க்கர் ஆகியவற்றை எடுத்துச் செல்வதற்கானது. ஒரு மென்பொருளின் எஃபெக்ட்டை இன்னொன்றின் எஃபெக்ட்டாக அது மொழிபெயர்த்துத் தராது.

போகிற வழி இப்படி என்றால் திரும்பி வருகிற வழி இன்னொரு கொடுமை. இருட்டறையில், 2.4 காமாவுக்கு (எண் கூடினால் படம் இருளும்) அளவிட்ட மானிட்டரில் நாள்கணக்காக உட்கார்ந்து நிழல்களைச் செதுக்கி, எச்டி வீடியோவின் நிறத் தரமான ரெக்.709இல் கோப்பை அனுப்புவேன். வாடிக்கையாளர் அதைத் தன் மேக்கில் குவிக்டைமில் திறப்பார். படம் வெளுத்திருக்கும். அந்த ரெக்.709 குறியை மேக்கின் நிற நிர்வாகம் சுமார் 1.96 காமாவாகப் புரிந்துகொள்வதுதான் காரணம். அதையே வேறொரு பிளேயரில் திறந்தால் வேறு மாதிரி தெரியும். எது சரி என்று அவர் கேட்பார். இதைச் சமாளிக்க ரிசால்வில் ரெக்.709-ஏ என்று தனியாக ஒரு தேர்வே இருக்கிறது. அதைப் போட்டால் மேக்கில் ஒத்துப்போகும், மற்ற இடங்களில் என்ன ஆகும் என்ற கவலை தொடங்கும். ஒரே கோப்பு, இரண்டு திரை, இரண்டு படம். ஒவ்வொரு முறையும் நான்தான் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து ஒப்பீடு செய்யப்போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு டைம்லைன் எடுங்கள். அதில் இரண்டு ஸ்பீட் ரேம்ப், ஒரு நெஸ்ட், ஒரே காட்சியைப் பல கேமராவில் எடுத்த மல்டிகேம் ஒன்று, ஃபோனில் எடுத்த மாறும் ஃப்ரேம் ரேட் கிளிப் ஒன்று, ஒரே பெயரில் இரண்டு கிளிப், அளவு மாற்றிய 4கே ஷாட் நான்கு வையுங்கள். அதை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பி, கலர் செய்து, திரும்பக் கொண்டுவாருங்கள். எத்தனை ஷாட் பிழைத்தது என்று எண்ணிச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கையை வைத்து எது சிறந்தது என்று தீர்ப்பு எழுதுங்கள், நான் முதல் ஆளாக வந்து படிக்கிறேன்.

மென்பொருள் செய்பவர்களிடம் மாயம் எதையும் கேட்கவில்லை. ஸ்டெபிலைஸைக் கொண்டுவர முடியாதா, சரி, கொண்டுவரவில்லை என்று சொல்லுங்கள். எந்த டைம்கோடில் எதைக் கைவிட்டீர்கள் என்று என் டைம்லைனிலேயே ஒரு மார்க்கர் போடுங்கள். பிரீமியர் எக்ஸ்எம்எல் எழுதும்போது, மாற்ற முடியாதவற்றை ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பில் எழுதிப் பக்கத்திலேயே வைக்கும். நல்ல பழக்கம். ஆனால் அது அனுப்புகிறவரின் ஃபோல்டரிலேயே தங்கிவிடுகிறது, அது யாருக்குத் தேவையோ அவர் கைக்கு வருவதே இல்லை. அந்தத் தகவலை எக்ஸ்எம்எல்லுக்குள்ளேயே வைத்தால் என்ன?

அதுவரை எடிட்டர் நண்பர்களே, எக்ஸ்எம்எல் அனுப்பும்போது அந்த டெக்ஸ்ட் கோப்பையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். அப்படி ஒரு கோப்பு வரவில்லை என்றால், ரேம்ப் எங்கே, நெஸ்ட் எங்கே, ஸ்டெபிலைஸ் எங்கே என்று டைம்கோடோடு கையால் எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும்.