அசனக் கணக்கில் மிஞ்சிய 1,850 ரூபாய்

எங்கள் பக்கம் மே மாதம் வந்தால், கிறிஸ்தவ ஜனங்களை மனந்திரும்ப அழைக்கும் எழுப்புதல் கூட்டம் இல்லாத ஊரே கிடையாது. மூன்று நாள் பந்தல், கடைசி ராத்திரி "மனந்திரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று அழைப்பு. நானும் போயிருக்கிறேன், மூன்று வருஷம் தொடர்ந்து. மூன்று தடவையும் நிஜமாகவே அழுதேன். ஆனால் அந்த மூன்று வருஷமும், சபையார் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்துக்கு அரிசி காய்கறி வாங்கின கணக்கில் மிஞ்சிய 1,850 ரூபாய் என்னிடம்தான் இருந்தது. அழும்போது அது ஞாபகத்துக்கு வராமல் இல்லை. வரும், உடனே கொஞ்சம் சத்தமாக அழுவேன், போய்விடும்.

பைபிளில் வரி வசூலிக்கும் ஆயக்காரனான சகேயு மனந்திரும்பினபோது அழுததாக லூக்கா தன் சுவிசேஷத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை, அதாவது நாலு மடங்கு, என்று அந்த மனுஷன் நேராகக் கணக்குக்கு வந்துவிட்டான். இயேசுவுக்கு முன்னால் வந்து மனந்திரும்பச் சொன்ன யோவான் ஸ்நானகனும் அப்படித்தான். ஆயக்காரர் வந்து என்ன செய்யவேண்டும் என்று கேட்டால், விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார்; போர்ச்சேவகர் கேட்டால், சம்பளமே போதும் என்றிரு என்றார். தொழிலைப் பார்த்துப் பேசினார். அதே யோவான் நம் மேடையில் ஏறி, பத்திர ஆபீஸ்காரர், வட்டிக்கு விடுகிறவர், கூட்டம் முடிந்த கையோடு "மாப்பிள்ளை நம்ம ஆட்கள்தானே?" என்று சாதி விசாரிக்கிறவர் என்று வரிசையாகப் பிடித்தால் என்ன ஆகும்? அடுத்த வருஷம் அவரைக் கூப்பிடமாட்டோம், அவ்வளவுதான்.

1904-ல் நடந்த வேல்ஸ் நாட்டு எழுப்புதலைப் பற்றிச் சொல்லாத பிரசங்கியார் இல்லை. அதை முன்னின்று நடத்திய ஈவான் ராபர்ட்ஸுக்கு அப்போது வயது 26, சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ராத்திரி முழுக்கப் பாடினார்கள், ஜெபித்தார்கள் என்பதோடு நம்மவர்கள் கதையை முடித்துவிடுவார்கள். ஜனங்கள் பழைய கடனைத் தேடிப்போய் அடைத்ததும், சுரங்கத்தில் கெட்ட வார்த்தை நின்றுபோனதால் வண்டி இழுக்கும் மட்டக்குதிரைகளுக்கு என்ன சொல்கிறார்கள் என்றே புரியவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டதும் அதிகம் மேடை ஏறாது. எனக்கு அந்தக் குதிரைதான் பிடிக்கும். அது வாய் திறந்து சாட்சி சொல்லவில்லை, முழித்துக்கொண்டு நின்றது.

அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். அதற்கு நாற்பது வருஷம் முன்னாலேயே, 1860-ல், நம் திருநெல்வேலி ஜில்லாவில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் ஊழியத்தில் எழுப்புதல் வந்தது. ஜனங்கள் அழுது பாவத்தை அறிக்கையிட்டார்கள். வேல்ஸ் தெரிந்த அளவுக்கு அருளப்பனை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது, அது வேறு வருத்தம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாளில் ஒருவழியாகப் பணத்தைக் கவரில் போட்டுக்கொண்டு பொருளாளர் அண்ணாச்சி கடைக்குப் போனேன். நாலத்தனை என்றால் 7,400; மனசு வரவில்லை, 1,850-தான் வைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "ஏ தம்பி, அந்த வருஷக் கணக்கெல்லாம் வாசிச்சு முடிச்சாச்சே, இதை இப்ப எதுல வரவு வைக்க?" என்றார். ரசீது புத்தகத்தை எடுத்து 'ஸ்தோத்திரக் காணிக்கை' என்று எழுத ஆரம்பித்தார். ஒரு நிமிஷம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"அடிச்சிருங்க அண்ணாச்சி. பழைய அசனப் பாக்கின்னே எழுதுங்க" என்றேன். கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு அடித்து எழுதினார்.